காரில் நாடு தாண்டப் போறீங்களா? முதல்ல உடம்பைக் கேளுங்க!

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது தினசரிக் காட்சி. புத்தம்புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நீள நீளமான டிரெய்லர் லாரிகள் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்த நாளிலிருந்து, நம் ஊரில் பிறந்த கார்கள் எத்தனையோ தேசங்களைப் பார்த்துவிட்டன. ஆனால், அதைச் செய்த கைகள்? அவர்களுக்கும் இப்போது ஆசை வந்திருக்கிறது. "டாக்டர், சொந்தக் கார்லயே நேபாளம், பூட்டான் ரெண்டையும் பார்த்துட்டு வந்துடலாம்னு இருக்கோம். சர்க்கரை இருக்கிற அம்மாவையும் கூட்டிட்டுப் போறோம். என்ன மருந்து எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

நல்ல ஆசைதான். கோவையைச் சேர்ந்த மீனாட்சி அரவிந்தும் அவருடைய தோழியரும் 2017-இல் காரிலேயே கிளம்பி, மியான்மர், தாய்லாந்து, சீனா என்று 24 நாடுகளை 70 நாட்களில் கடந்து லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கிழக்கு வழியை இன்று நினைக்க வேண்டாம். மியான்மரில் 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இந்தப் பக்கம் மணிப்பூரில் 2023-இல் கலவரம் வெடித்தது. எல்லையில் இருக்கும் மோரே என்ற ஊரில், பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் தமிழர்கள் அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். ஆனாலும் குடும்பத்தோடு கார் ஓட்டிப் போகிற பாதையாக அது இப்போது இல்லை. ஆக, நம்மைப் போன்ற சம்பளக்காரக் குடும்பத்துக்கு இன்றைக்குக் கைக்கு எட்டுவது நேபாளமும் பூட்டானும்தான்.

காகித விஷயத்தைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன், அது என் துறை அல்ல. இரண்டு நாட்டுக்கும் நமக்கு விசா தேவையில்லை. பெரியவர்களுக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். பூட்டானில் இந்தியர்களுக்கு ஒரு இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் கட்டணம் 2022-இல் வந்தது. காரை எல்லை ஊரான புன்ட்ஷோலிங்கைத் தாண்டி ஓட்டிப் போக அதற்குத் தனியாக நாள் கட்டணம் உண்டு. அதனால் பலர் காரை அங்கேயே நிறுத்திவிட்டு உள்ளூர் வண்டி பிடிக்கிறார்கள். நேபாள எல்லையில் காருக்கு 'பன்சார்' என்ற சுங்கச் சீட்டு வாங்க வேண்டும். காரின் இன்ஷூரன்ஸ் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டி நேபாளம், பூட்டானுக்கும் நீட்டித்துக்கொள்ளுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

பயணத் திட்டம் என்றதும் எல்லோரும் முதலில் எடுப்பது வரைபடம். ஒருநாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுகிறார்கள். சித்த மருத்துவம் இதைத் தலைகீழாகப் போடச் சொல்கிறது. உடம்பில் 14 வேகங்கள் இருப்பதாகவும், அவற்றை அடக்கினால் நோய் வரும் என்றும் எங்கள் நூல்கள் சொல்கின்றன. அபானவாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இந்தப் பட்டியலை ஒரு தடவை படித்துவிட்டு, நீங்கள் கடைசியாகப் போன நீண்ட கார் பயணத்தை நினைத்துப் பாருங்கள். சிறுநீர், மலம், பசி, தாகம், கொட்டாவி, தூக்கம்... பாதியை ஒரே நாளில் அடக்கியிருப்பீர்கள்!

இதில் அதிகம் கஷ்டப்படுவது வீட்டுப் பெண்கள். "வழியில நல்ல பாத்ரூம் இருக்காது" என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சிறுநீரையும் மணிக்கணக்கில் அடக்குவார்கள். மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, சிலருக்குக் குளிர் ஜுரம். அதுவும் மொழி தெரியாத ஊரில்! ஆகவே நிறுத்தும் இடங்களை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம். பெட்ரோல் பங்க்கோ, சுத்தமான ஓட்டலோ, இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி தூரத்தை வையுங்கள். இப்படிப் போட்டால் ஒருநாளைக்கு 450, 500 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. நாக்பூர், ஜபல்பூர், வாரணாசி, கோரக்பூர் வழியாக சோனௌலி எல்லையைத் தொடவே ஐந்து நாள் ஆகும். திரும்பி வரவும் நாள் வேண்டும். இரண்டு நாட்டையும் சேர்த்தால் மூன்று வாரம்.

"அவ்வளவு லீவு ஏது டாக்டர்?" என்கிறீர்களா? பத்து நாள்தான் லீவு என்றால் சிலிகுரி வரை ரயிலிலோ விமானத்திலோ போய், அங்கே வாடகைக் கார் எடுங்கள். இது பல பேருக்குப் பிடிக்காது. சொந்தக் காரில் போனோம் என்று சொல்லிக்கொள்வதில்தானே பெருமை!

ஷிஃப்ட் முடிஞ்சு ஸ்டியரிங்கா?

நம் பகுதிக்கே உரிய ஒரு ஆபத்து இது. இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் வீட்டுக்கு வந்து, குளித்து, டிபன் சாப்பிட்டு, "லீவு வீணாகக் கூடாது" என்று அப்படியே காரை எடுக்கிறார்கள். தூக்கத்தை அடக்குவதும் 14 வேகங்களில் ஒன்றை அடக்குவதுதான். தலை பாரம், கண் எரிச்சல், புத்தித் தடுமாற்றம் வரும். நவீன ஆராய்ச்சி இதை எண்ணிலேயே காட்டியிருக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் கண்டறிந்தார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விடும் எல்லை 30 மில்லிகிராம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி இரவு ஷிஃப்டுக்குப் பிறகு இரண்டு இரவுகளாவது வீட்டில் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். பின்னிரவு 2 மணியிலிருந்து 5 மணி வரை ஓட்டவே வேண்டாம். காரில் ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேர் இருக்கட்டும். சளிக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கும் பல மாத்திரைகளும், வாந்தியை நிறுத்தும் பயண மாத்திரைகளும் தூக்கம் தரக்கூடியவை. அவற்றை ஓட்டுபவர் தொடக் கூடாது. இன்னொன்று, "உடம்பு சூடு ஏறிடும்" என்று கிளம்புகிற அன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள். எண்ணெய்க் குளியல் நாளில் அலைச்சலும் வெயிலும் ஆகாது. இரண்டு நாள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

காலைத் தொங்கப்போட்டு நாள் முழுக்க உட்கார்ந்தால் பாதம் வீங்குவது சகஜம். இரு காலும் ஒரே மாதிரி வீங்கி, படுத்து எழுந்தால் வற்றிவிடும் என்றால் பயமில்லை. ஆனால் ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்தம் உள்ளே கட்டியிருக்கலாம். கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் காலில் தைலம் போட்டு நீவிவிடாதீர்கள்! சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ தாமதமே இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எல்லையில் திறக்கப்படும் மருந்துப் பை

நம் வீட்டு வழக்கம் என்ன? சுக்குப் பொடி, திரிபலா, அம்மாவின் சூரணம் எல்லாவற்றையும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் பிளாஸ்டிக் கவரிலும் கட்டி எடுத்துப்போவது. பேர் எழுதாத பொடியைப் பார்க்கும் சுங்க அதிகாரிக்கு அது சுக்கா, போதை மருந்தா என்று எப்படித் தெரியும்? லேபிளும் உரிம எண்ணும் உள்ள, பிரிக்காத பாக்கெட்டாகவே வாங்கிக்கொள்ளுங்கள். நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாம் ஆங்கிலத்தில் எழுதிய டாக்டர் கடிதம் ஒன்றும் இருக்கட்டும்.

பாதரசம், கந்தகம், தாளகம் போன்றவை சேர்ந்த செந்தூரம், பற்பங்களைப் பயணத்தில் எடுத்துப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. சிங்கப்பூர் போன்ற நாடுகள் பாரம்பரிய மருந்தில் பாதரசம், ஈயம், ஆர்சனிக் இவ்வளவுதான் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அவசியம் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால், மாற்று மருந்து உண்டா என்று உங்கள் வைத்தியரிடம் ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

பெண்ணோ பிள்ளையோ துபாயில் இருக்க, அங்கிருந்து காரில் ஓமன் வரை போய்வர நினைக்கும் பெற்றோர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குருமாவுக்கு அரைக்கும் கசகசா இருக்கிறதே, அது ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் தடை செய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் வழக்கே வரும். மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் வேண்டாம். கோடீன் உள்ள இருமல் டானிக், டிரமடால் வலி மாத்திரை இவையும் அப்படித்தான், முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

சரி, என்னதான் எடுத்துப் போவது? குமட்டலுக்கு மாதுளை மணப்பாகு, சுக்கு, ஏலக்காய். இருமலுக்குத் தாளிசாதி சூரணம். மலச்சிக்கலுக்குத் திரிபலா. சுளுக்குக்கு ஒரு தைலம். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் பத்தாவது இருக்கட்டும், பேதிக்கு அதுதான் முதல் மருந்து. ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மாத்திரைகளைப் பயண நாளை விடப் பத்து நாளுக்குக் கூடுதலாக வாங்கி, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். "பயணத்துல இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு கஷாயம் குடிக்கலாமா?" என்று கேட்காதீர்கள். கூடவே கூடாது. இன்சுலினை டாஷ்போர்டில் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் அது கெட்டுவிடும். மலை மேல் போனால் உறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலை ஏறும்போது

புன்ட்ஷோலிங் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். அங்கிருந்து ஒரே நாளில் ஏறிச் சேரும் திம்பு சுமார் 2,300 மீட்டர். பெரும்பாலோருக்கு இது ஒத்துக்கொள்ளும். ஆனால் பாரோவிலிருந்து பனி பார்க்க எல்லோரும் போகும் செலேலா கணவாய் ஏறத்தாழ 4,000 மீட்டர். 2,500 மீட்டருக்கு மேல் போனாலே சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். அதற்கு இஞ்சிச் சாறு மருந்தல்ல. மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும், குறையவில்லை என்றால் இறங்கிவிட வேண்டும். தள்ளாட்டமோ, சும்மா இருக்கும்போதே மூச்சிரைப்போ வந்தால் அந்த நிமிடமே இறங்கி ஆஸ்பத்திரி தேடுங்கள். இதய நோயும் ஆஸ்துமாவும் இருப்பவர்கள் திம்பு, பாரோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வளைவுப் பாதையில் குழந்தைகள் வாந்தி எடுப்பார்கள். கையில் செல்போனைக் கொடுக்காதீர்கள், தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அரை வயிறு சாப்பாடு போதும். நேபாளத்துப் பருப்புச் சாதம் நம் வயிற்றுக்கு இதம். பூட்டானின் 'எமா தட்சி' என்பது மிளகாயையே காய்கறியாகப் போட்டுச் சீஸில் வேகவைப்பது. மூலக்காரர்கள் படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்!

எப்போது போகலாம்? ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டாம். 2024 ஜூலையில் நாராயண்காட் - முக்ளிங் சாலையில் மலைச்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றில் தள்ளிவிட்டது. சோனௌலியிலிருந்து காட்மாண்டு போகப் பலரும் பிடிக்கும் வழி அது. பள்ளி லீவு என்று மே மாதம் கிளம்பினால் நாக்பூர் வெயில் வாட்டும். ஆயுத பூஜைக்குப் பிறகு, நவம்பர் வரை நல்ல காலம்.

சித்த மருத்துவம் நிலத்தை ஐந்தாகப் பிரித்து, வயலும் நீரும் உள்ள மருத நிலத்தில் நோய் குறைவு, மலை சார்ந்த குறிஞ்சியில் கபமும் சுரமும் அதிகம் என்கிறது. ஏரிகள் சூழ்ந்த நம் ஸ்ரீபெரும்புதூர் ஒரு காலத்தில் நல்ல மருதம். இப்போது பாதிக்குப் பாதி தொழிற்சாலை! நேபாளத் தராயும், பூட்டான் அடிவாரத்து டுவார்ஸ் காடுகளும் கொசு நிறைந்த பகுதிகள். மலேரியாவும் டெங்குவும் உண்டு. மாலையில் முழுக்கைச் சட்டை போடுங்கள், கொசுவலை எடுத்துப் போங்கள். திரும்பி வந்த இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் நிலவேம்புக் குடிநீரோடு உட்கார்ந்துவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டாக்டரிடம் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தெந்த ஊரில், எத்தனை இரவு தங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.