சுருங்கிப்போன டூல்பார்
பிரவுசரைத் தன் விருப்பப்படி மாற்றும் சுதந்திரம் பாதுகாப்புக்கு விலையானது

பிரவுசரின் உச்சியில் ஒரு விரல் உயர இடம். அதைப் பிடிக்க ஒரு காலத்தில் நடந்த போட்டி கொஞ்சநஞ்சமல்ல. 2000 டிசம்பரில் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்காக கூகுள் தன் டூல்பாரை வெளியிட்டது. எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அங்கிருந்தே தேடலாம். யாஹூவும் களத்தில் குதித்தது.

2004 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 1.0, இந்த வித்தையைச் சாதாரண புரோகிராமரின் கைக்கும் எட்டச் செய்தது. அந்த பிரவுசரின் முகப்பே 'எக்ஸ்.யூ.எல்.' என்ற மொழியில் எழுதப்பட்டிருந்தது. சொந்த டூல்பார் வேண்டுமா? அதே மொழியில் ஒரு பட்டையையும் பட்டன்களையும் எழுதி, முகப்பின் மேல் பொருத்தினால் போதும். பட்டனை அழுத்தினால் நடக்க வேண்டியதை ஜாவாஸ்கிரிப்ட் கவனித்துக்கொள்ளும். நோட்பேடே போதுமான கருவி.

சிக்கலும் அங்கேதான். பிரவுசருக்கு இருந்த அத்தனை அதிகாரமும் எக்ஸ்டென்ஷனுக்கும் இருந்தது. கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களைக்கூட அது படிக்கலாம். பிரவுசரின் உள்பாகங்களையே அது தொட்டதால், மொஸில்லா உள்ளே எதையாவது மாற்றினால் எக்ஸ்டென்ஷன்கள் படுத்துவிடும். போதாக்குறைக்கு, இலவச சாப்ட்வேர்களோடு ஒட்டிக்கொண்டு கேட்காமலே வந்து குடியேறிய டூல்பார்கள் 'டூல்பார்' என்ற பெயரையே கெடுத்தன.

கூகுளின் குரோம் வேறு வழியில் போனது. 2010இல் அது எக்ஸ்டென்ஷன்களை அனுமதித்தபோது, முகவரிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டனுக்குத்தான் இடம் தந்தது. பட்டைக்கு இடமில்லை. 2015 ஆகஸ்டில் மொஸில்லாவும் அந்தப் பாதைக்குத் திரும்புவதாக அறிவித்தது. 2017 நவம்பரில் வெளியான ஃபயர்பாக்ஸ் 57, பழைய எக்ஸ்டென்ஷன்களுக்குக் கதவைச் சாத்தியது. பழைய தோற்றத்தை மீட்டுத் தந்த 'கிளாசிக் தீம் ரெஸ்டோரர்' போன்றவற்றுக்குப் புதிய முறையில் இடமே இல்லை. கூகுள் டூல்பாரின் கதையும் 2021 டிசம்பரில் முடிந்தது.

இன்று டூல்பார் கட்ட விரும்புபவருக்கு இரண்டு வழிகள். ஒன்று, பட்டனை அழுத்தினால் விரியும் சிறு ஜன்னலுக்குள் எல்லாவற்றையும் அடக்குவது. மற்றொன்று, இணையப் பக்கத்துக்குள்ளேயே ஒரு பட்டையை வரைவது. ஆனால் அந்தப் பட்டை சில சமயம் தளத்தின் தலைப்பையே மறைக்கும். எல்லாத் தளங்களிலும் தெரிய வேண்டுமென்றால், அவை அனைத்தையும் படிக்க அனுமதி கேட்க வேண்டும். அதைப் பார்த்ததும் பயனாளர் மிரளலாம்.

திருட்டு பயம் குறைந்தது உண்மை. ஆனால் சொந்த வீடுபோல இருந்த பிரவுசர் வாடகை வீடாகிவிட்டது. ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும்.