கருவுற்ற தாய்மார்களும் மூச்சிரைப்பும்

கெமாஸ் வட்டாரத் தோட்டங்களில் கருவுற்ற பெண்ணொருத்தி தண்ணீர் வாளியுடன் மேட்டில் ஏறும்போது இடையிடையே நின்று மூச்சு வாங்குவாளாயின், "பிள்ளை நெஞ்சை முட்டுகிறது, பெற்றுவிட்டால் சரியாகிவிடும்" என்று மூத்த பெண்கள் ஆறுதல் கூறுவர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை நம்பி வாளாவிருப்பது தாய்க்கும் சேய்க்கும் கேடாக முடியக்கூடும்.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயிறு வெளியே தெரியாத மூன்றாம் மாதத்திலேயே பலருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிடுகிறது. அப்போது நெஞ்சை முட்டும் அளவுக்குப் பிள்ளை வளர்ந்திருப்பதில்லை. காரணம் வேறு. கருவுற்ற உடலில் மிகுதியாக ஊறும் புரோஜெஸ்தரோன் என்னும் சுரப்புநீர், மூளையிலுள்ள சுவாச மையத்தைத் தூண்டுகிறது. ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்றை இழுத்த பெண், நிறைமாதத்தில் 700 மில்லிலிட்டர் வரை இழுக்கிறாள். மூச்சின் எண்ணிக்கை பெரிதும் கூடுவதில்லை, ஆழமே கூடுகிறது. நிமிடத்திற்கு நுரையீரலுக்குள் சென்று வரும் காற்று 30 முதல் 50 விழுக்காடு வரை உயர, உடலின் பிராணவாயுத் தேவையோ சுமார் 20 விழுக்காடே உயர்கிறது. தேவைக்கு மிஞ்சிய இச்சுவாசத்தைத்தான் பத்துத் தாய்மார்களில் ஆறேழு பேர் மூச்சிரைப்பாக உணர்கின்றனர்.

பிற்பகுதி மாதங்களில் கருப்பை வளர்ந்து உதரவிதானத்தை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் மேலே தள்ளுகிறது. எனினும் விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிந்து இடங்கொடுப்பதால், ஆழ இழுத்து முழுமையாக ஊதும் ஆற்றல் குறைவதில்லை. குறைவது கையிருப்புதான். சாதாரணமாக மூச்சை வெளியே விட்டபின் நுரையீரலில் தங்கும் காற்று ஏறக்குறைய 20 விழுக்காடு குறைகிறது. அரிசிப் பானையில் இருப்புக் குறைந்த வீட்டிற்கு ஒருநாள் மழையே பஞ்சமாவதுபோல, சளிக்காய்ச்சலோ ஆஸ்துமாவோ வந்தால் கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் பிராணவாயு விரைவில் இறங்கிவிடும்.

ஊதும் ஆற்றல் குறைவதில்லை என்றோம். ஆகவே, சுகாதார நிலையத்தில் ஊதிப் பார்க்கும் கருவி குறைந்த அளவைக் காட்டினால், அதற்குப் பிள்ளையின்மீது பழிபோடுதல் கூடாது. மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ள தாய்மார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் கருக்காலத்தில் நோய் கடுமையாகிறது, மற்றொரு பங்கினருக்குத் தணிகிறது, எஞ்சியோருக்கு மாற்றமில்லை. கருவுக்கு ஆகாது என்று அஞ்சி உறிஞ்சு மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் நம்மிடையே உண்டு. மருந்தைவிட, கட்டுக்கடங்காத இழுப்பே கருவுக்குப் பெருந்தீங்கு செய்வதாகும்.

இரத்தசோகை மற்றொரு காரணம். கருக்காலத்தில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமிற்குக் குறைந்தால் அது சோகையே. பிராணவாயுவைச் சுமக்கும் பொருள் குறைவதால் நெஞ்சு படபடக்கும், மூச்சிரைக்கும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கும் வழக்கம் அம்மாத்திரையின் பயனைப் பெருமளவு கெடுத்துவிடுகிறது. தேநீரை ஓரிரு மணி நேரம் தள்ளி அருந்தலாம். விட்டுவிடும்படி யாரும் கேட்கவில்லை.

இனி, புகை. ஆழ்ந்து சுவாசிப்பவள் புகையையும் கூடுதலாகவே உள்ளிழுக்கிறாள். தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளையும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளையும் சேர்ந்த சுமார் 3,200 கருவுற்ற பெண்களிடம் நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. எரிவாயு அடுப்பு பெற்றோர் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு 23.9 மைக்ரோகிராம், விறகு முதலியவற்றில் சமைத்தோருக்கு 70.7. எனினும் பிறந்த குழந்தைகளின் எடையில் சுமார் 20 கிராமே வேறுபாடு இருந்தது. இது புகைக்கு நற்சான்று ஆகாது. கருவுற்று ஒன்பது வாரங்கள் கடந்த பின்னரே அப்பெண்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் எரிவாயு வந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும் குளிக்க வெந்நீர் காய்ச்சும் விறகடுப்பு, வாசலில் எரியும் சருகு, கணவர் பிடிக்கும் சிகரெட் ஆகியன போகவில்லை. கொசுவர்த்திச் சுருளை யாரும் புகையாகவே எண்ணுவதில்லை. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களைச் சோதித்து 2003ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஒரு சுருள் முழுதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடான நுண்துகள் வெளிப்படுவதாகக் கண்டது. அடைத்த அறையில் இரவெல்லாம் சுருள் எரிவதைவிடக் கொசுவலை கட்டிப் படுப்பது மேல். களைக்கொல்லி அடிக்கும் வேலையிலிருந்தும் கருவுற்றோர் விலகியிருத்தல் வேண்டும். நுரையீரலைச் சிதைக்கும் பராகுவாட் 2020 ஜனவரி முதல் நாள்தொட்டு நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருப்பினும், ஏனைய மருந்துகள் உள்ளன.

இயல்பான மூச்சிரைப்பு மெல்லத் தோன்றும்; உட்கார்ந்தால் தணியும்; வேலையை முற்றாக முடக்காது. திடீரென வரும் மூச்சிரைப்பு, மல்லாந்து படுக்கவிடாத மூச்சுமுட்டல், நெஞ்சுவலி, சளியில் இரத்தம், உதடு நீலித்தல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவை இயல்பானவை அல்ல. சிறுவயதுக் காய்ச்சலால் பழுதான இதய வால்வு, கருக்காலத்தில்தான் முதன்முதலாகத் தன்னை வெளிக்காட்டுவதும் உண்டு. தாய்மார் பதிவுப் புத்தகத்தில் ஒட்டப்படும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்கள் இத்தகைய அபாயங்களின் அளவைக் குறிப்பனவாகும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. மூச்சிரைப்பைப் பற்றித் தாதியிடம் கூறும்போது, எத்தனை படி ஏறினால் வருகிறது, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கூறுங்கள். மேற்கூறிய அறிகுறிகள் இரவில் தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் 999க்கு அழையுங்கள்.