மழையும் ஓதமும் சேர்ந்து வந்தால்

ஹூக்ளி ஆற்றின் ஏற்ற இறக்கத்தில் சிக்கிய கொல்கத்தாவின் வடிகால்

கொல்கத்தாவில் கனமழை கொட்டும்போது மாநகராட்சி அதிகாரிகள் வானத்தைப் பார்ப்பதோடு ஹூக்ளி ஆற்றின் ஓத அட்டவணையையும் புரட்ட வேண்டியிருக்கிறது. மழை வலுக்கும் நேரமும் ஆற்றில் ஓதம் ஏறும் நேரமும் ஒன்றாகிவிட்டால் ஆற்றங்கரை மதகுகளை மூடியே ஆக வேண்டும். திறந்து வைத்தால் ஆறு ஊருக்குள் வரும். மூடினால் ஊரில் பெய்த மழை வெளியே போகாது. எது நடந்தாலும் தாழ்வான தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர்தான்.

2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கிய மழை, மறுநாள் காலைக்குள் சுமார் 250 மி.மீ. பெய்து தீர்த்தது. துர்கா பூஜைப் பந்தல்கள் தயாராகிக்கொண்டிருந்த வாரம். தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்தார்கள். தண்ணீர் வடியாததற்கு ஆற்றின் ஓதமும் ஒரு காரணம் என்றது மாநகராட்சி. பொய்யில்லை. ஆனால் பழி முழுவதையும் ஆற்றின் தலையில் போட்டுவிட முடியாது. கொல்கத்தாவின் பாதாளச் சாக்கடையை 19ஆம் நூற்றாண்டில் திட்டமிட்டவர் வில்லியம் கிளார்க் என்ற பொறியாளர். ஆள் நடக்கும் அளவுக்குச் செங்கல் சுரங்கங்கள் உண்டு என்றாலும், அவற்றுக்கு விதித்த வேலை மணிக்குக் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. மழைதான். பிறகு சேர்ந்த பம்புகள் அந்தத் திறனைக் கூட்டியிருக்கின்றன. அவை இறைக்கும் தண்ணீருக்கும் ஒரு போக்கிடம் வேண்டுமே!

ஹூக்ளியில் நாளைக்கு இரண்டு முறை ஓதம் ஏறி இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். புனல் போல அகன்ற முகத்துவாரத்தில் நுழையும் கடல்நீர், கரைகள் குறுகக் குறுக நெருக்கப்பட்டு எழும்புகிறது. சாகர் தீவில் தொடங்கும் ஏற்றம் கொல்கத்தாவை எட்டச் சில மணி நேரம் ஆகும். ஏறுவது விரைவு, வடிவது மெதுவு. மதகுக் காவலர்களுக்கு இதுதான் தலைவலி.

சில நாட்களில் ஓதத்தின் முன்முனை சுவர் போல நிமிர்ந்து, இரைச்சலோடு ஆற்றை எதிர்த்து ஏறும். வங்காளிகள் இதை ‘பான்’ என்கிறார்கள். மிகப் பெரியது ‘ஷாடாஷாடிர் பான்’. காளைகள் முட்டிக்கொள்வது போன்ற வெள்ளம் என்று பொருள். அந்த நேரத்தில் படித்துறைகளில் குளிப்பவர்களை மேலேறச் சொல்வார்கள், படகுகளை நடு ஆற்றுக்குக் கொண்டுபோவார்கள். கப்பல்களைக் கூடுதல் சங்கிலிகளால் பிணைத்து நிறுத்துவது கொல்கத்தா துறைமுகத்தின் பழைய வழக்கம்.

ஆற்றை அளப்பதில் இந்தத் துறைமுகத்துக்கு நீண்ட அனுபவம். கார்டன் ரீச், டயமண்ட் ஹார்பர், ஹால்டியா, சாகர் என்று ஆற்றின் நெடுகிலும் ஓதமானிகள் உண்டு. பழைய முறையில், கிணறு போன்ற குழாய்க்குள் மிதவை ஒன்று ஏறி இறங்கும். அதோடு இணைந்த பேனா, சுழலும் காகிதத்தில் கோடு போடும். இப்போது ரேடார் கருவி மேலிருந்து நீர்ப்பரப்பை அளக்கிறது. கிதர்ப்பூரின் பழைய கப்பல் துறையின் வாயிற்படியைப் பூஜ்ஜியமாகக் கொண்டு உயரம் சொல்வது இந்த நகரத்துக்கே உரிய வழக்கம்.

சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் அட்டவணையில் ஓராண்டுக்கான ஓதங்கள் நேரத்தோடும் உயரத்தோடும் முன்கூட்டியே அச்சாகிவிடுகின்றன. அது சந்திரனையும் சூரியனையும் வைத்துப் போடும் கணக்கு. காற்றும் புயலும் அதில் இல்லை. ஓதமானி காட்டும் அளவிலிருந்து அட்டவணை அளவைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அபாயத்தின் உயரம்.

அந்த மிச்சம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை 1864 அக்டோபர் 5 காட்டியது. அன்றைய புயல் தள்ளிய கடல், ஹூக்ளி வழியே ஏறிக் கரையோர ஊர்களை அழித்தது. அன்றும் பின்தொடர்ந்த நோய்களிலும் மாண்டவர்கள் சுமார் 60,000 பேர் என்று மதிப்பீடு. அந்தப் பேரழிவும் அடுத்து வந்த பஞ்சங்களும் 1875இல் இந்திய வானிலைத் துறை பிறக்கக் காரணமாயின. முன்பே எச்சரித்தவரும் இருந்தார். ‘சைக்ளோன்’ என்ற சொல்லை உருவாக்கிய ஹென்றி பிடிங்டன், பக்கத்து மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்ட வேண்டாம், புயல் அலை கொண்டுபோய்விடும் என்று 1853இல் அரசுக்கு எழுதினார். கேட்கவில்லை. கட்டிய போர்ட் கேனிங்கை 1867 புயல் சிதைத்தது.

2021 மே 26 அன்று யாஸ் புயல் கரையேறியது ஒடிசாவில், பாலசோருக்குத் தெற்கே. கொல்கத்தாவில் பெருங்காற்று இல்லை. ஆனால் அன்று பௌர்ணமி. மதகுகளை மூடியும், ஆதி கங்கை எனப்படும் டாலி கால்வாய் வழியே காளிகாட் பகுதியில் தண்ணீர் ஏறியது. முகத்துவாரத்தில் சாகர், கோராமாரா தீவுகளின் கரைகளைத் தாண்டி உப்புநீர் வயல்களில் புகுந்தது. புயல் அலை பற்றி ஹைதராபாத்தின் கடல் தகவல் மையம் முன்னதாகவே எச்சரித்திருந்தது. தீவு மக்களை அப்புறப்படுத்தினார்கள். வயலையும் மீன் குளத்தையும் எங்கே அப்புறப்படுத்துவது?

இதற்கிடையே அளவுகோலின் அடிப்படையே நகர்கிறது. டயமண்ட் ஹார்பர் ஓதமானியின் பல பத்தாண்டுப் பதிவுகளில் நீர்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 5 மி.மீ. உயர்ந்திருக்கிறது. கடல் உயர்வதோடு வண்டல் நிலம் அமிழ்வதும் இந்தக் கணக்கில் சேரும். கரையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இத்தனைக்கும் கொல்கத்தாவின் இயற்கைச் சரிவு ஹூக்ளியை நோக்கி இல்லை. ஆற்றங்கரை மேடு, நிலம் கிழக்கே சதுப்பு நிலங்களை நோக்கித் தாழ்கிறது. கழிவுநீரின் பெரும்பகுதி அந்தப் பக்கம் கால்வாய்களில் ஓடி, மீன் பண்ணைகளுக்குப் பயன்பட்டு, குல்டி ஆற்றில் சேர்கிறது. 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலத்தைக் கட்டடங்கள் ஓரம் ஓரமாகத் தின்று வருகின்றன. குல்டியும் ஓதம் ஏறி இறங்கும் ஆறுதான். அங்கேயும் ஒரு மதகு, அங்கேயும் ஓதம் வடியும்வரை காத்திருப்பு.