கோடை வெம்மையும் இல்லக் குளிர்ச்சியும்

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. சித்திரை, வைகாசித் திங்கள்களில் மதுரை, திண்டுக்கல், பழனி முதலிய ஊர்களில் வதிவோர்க்கு இதன் பொருளை எவரும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மதுரையில் நண்பகல் உஷ்ணம் 37, 38 பாகை சென்டிகிரேடு வரை ஏறி உடலை வாட்டும் அந்நாளில், வடமேற்கே நீல நிறமாய்த் தோன்றும் பழனி மலைத்தொடரின்மேல், கொடைக்கானலில், அது 20 பாகையை ஒட்டியே நிற்கும். இடைத்தூரம் நூறு மைலும் இல்லை. இவ்வேற்றுமை எங்ஙனம் உண்டாகிறது? அக்குளிர்ச்சியைச் சமவெளியில் நம் இல்லத்திற்குக் கொணர யாது செய்யலாம்? கொணர்ந்த குளிர்ச்சியை வீணாக்காது காப்பது எப்படி? இம்மூன்றையும் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொடைக்கானல் என்னும் ஊர் வெயிலுக்கு அஞ்சினோர் கட்டிய ஊராகும். அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த குடும்பத்தினர், சமவெளியின் வெம்மையாலும் நோயாலும் தம்மவர் பலரை இழந்தமையால், முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். அங்கே மலைக்காய்ச்சல் அவர்களை விடவில்லை. எனவே, 1845 ஆம் ஆண்டில் அதனினும் உயர்ந்த கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டிக் குடியேறினர். மதுரைக் கலெக்டராயிருந்த வேர் லெவிஞ்சு துரை 1863 ஆம் ஆண்டில் ஓடைக்கு அணையிட்டு ஏரியை உண்டாக்கினார். மோட்டார்ப் பாதை அமையும் முன்னர், மலையடி வரை மாட்டு வண்டியில் வந்தவர்கள், அங்கிருந்து நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்து மேலே சென்றனர். அவர்களைத் தோளிற் சுமந்து சென்றோர் நம் ஊர்க் கூலியாட்கள். சுமந்தவர்கள் வியர்வை வடிய மலையேறிக் குளிர்ச்சியை ஒரு கணம் நுகர்ந்து, மீண்டும் வெம்மைக்கே இறங்கினர். ஒருவர் குளிர்ச்சிக்காக மற்றொருவர் வெந்தனர் என்பதனை நாம் மறத்தல் ஆகாது. இதனைப் பின்னரும் நினைவுகூர்வோம்.

இனி மலை ஏன் குளிர்ந்திருக்கிறது என்று நோக்குவோம். கதிரவன் அங்குக் குறைவாகக் காய்கிறான் என்று சிலர் எண்ணுவர். இது பிழை. மலைமேல் காற்று மெல்லியதாகவும் தூசியற்றதாகவும் இருத்தலால் வெயில் அங்கே கூர்மையாகவே அடிக்கிறது. இத்தெளிவு கருதியே சூரியனை ஆராயும் வானநிலையம் கொடைக்கானலில் நிறுவப்பெற்று, 1901 முதல் அங்கு ஆராய்ச்சி நடந்து வருகிறது. ஆயின், காற்றை வெப்பமாக்குவது பெரும்பாலும் நேர்வெயிலன்று. வெயிலால் காய்ந்த நிலமே அதனை வெப்பமாக்குகிறது. நிலத்தருகே சூடேறிய காற்று மேலெழும்புங்கால், அங்கு அழுத்தம் குறைவாதலின் விரிகிறது. விரியுந்தோறும் தன் வெப்பத்தைச் செலவிட்டுக் குளிர்கிறது. சராசரியாக 1000 மீட்டர் ஏறினால் 6.5 பாகை குறையும். வறண்ட காற்று எழும்பும் கோடைப் பகலில் 10 பாகை வரையும் குறையும். கொடைக்கானல் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மதுரையோ 100 மீட்டர் அளவினது. எனவே இவ்விரண்டிற்கும் இடையே 13 முதல் 20 பாகை வரை வேற்றுமை இருத்தல் இயல்பேயாம்.

மலைக்குச் செல்ல இயலாதார் குளிர்ச்சியைக் கடல் கடந்தும் தருவித்தனர். அமெரிக்க வணிகராகிய பிரடெரிக் டூடர் என்பார், தம் நாட்டு ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் இன்றும் நிற்கும் ஐஸ்ஹவுஸ் என்னும் கட்டடம் 1842 ஆம் ஆண்டில் அப்பனிக்கட்டியைச் சேர்த்து வைக்கக் கட்டப்பெற்றதே. அவ்வணிகம் மறைந்தது, அதன் அளவுகோல் மட்டும் மறையவில்லை. கடையில் 'ஒரு டன் ஏ.சி.' என்று கூறுகின்றனரே, அந்த டன் யந்திரத்தின் நிறையன்று. 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாள் முழுதும் உருகுங்கால் எவ்வளவு வெப்பத்தைக் கவருமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு நாளில் அறையினின்றும் கவரவல்லது என்பதே அதன் பொருள். மின்சாரக் கணக்கில் கூறின் இது 3.5 கிலோவாட் ஆகும். ஒன்றரை டன் யந்திரத்தை நாள் முழுதும் முழுவேகத்தில் ஓட்டுபவர், 1360 கிலோ பனிக்கட்டியை ஒரே நாளில் உருக்கித் தீர்த்தவரை ஒப்பர்.

இந்த யந்திரம் குளிர்ச்சியை உண்டாக்குகிறது என்று சொல்வது உலக வழக்கு. உண்மையில் இது வெப்பத்தைச் சுமந்து வெளியே கொட்டும் கூலியாளே. நீர் ஆவியாகுங்கால் சூழ்நிலையின் வெப்பத்தைக் கவரும் என்பதனை நம் வீட்டு மண்பானையும் வெட்டிவேர்த் தட்டியும் நமக்கு நெடுநாளாகக் கற்பித்துள்ளன. ஒரு லிட்டர் நீர் ஆவியாகக் கவரும் வெப்பம், ஏழு கிலோ பனிக்கட்டி உருகக் கவரும் வெப்பத்திற்கு ஏறக்குறைய ஒப்பாகும். யந்திரத்தினுள் நீருக்குப் பதிலாக, எளிதில் ஆவியாகும் வேறொரு திரவம் உள்ளது. அறையினுள் இருக்கும் குழாய்ச்சுருளில் அது ஆவியாகி வெப்பத்தைக் கவர்கிறது. அவ்வாவியைக் கம்பிரஸர் என்னும் உறுப்பு அழுத்திச் சூடாக்கி வெளிப்பெட்டிக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டு மீண்டும் திரவமாகி, நுண்குழாய் வழியே அழுத்தம் குறைந்து உள்ளே வருகிறது. இச்சுழற்சியில் அத்திரவம் ஒரு துளியும் செலவாவதில்லை.

இக்கடைசி வாக்கியத்தை வாசகர் நன்கு மனத்திற் கொள்க. எம் இல்லத்து யந்திரம் குளிர் குறைந்தபோதெல்லாம் பழுது பார்க்க வந்த ஒருவர், 'காஸ் தீர்ந்துவிட்டது' என்று கூறி நிரப்பிச் சென்றார். இரண்டு கோடைகளில் மூன்று முறை பணம் கொடுத்தோம். நான்காம் முறை வந்த வேறொருவர் சோப்பு நுரையைக் குழாய் மூட்டுகளிற் பூசி, ஓரிடத்தில் குமிழி எழுவதைக் காட்டினார். மூட்டைச் சரிசெய்த பின்னர் இன்றளவும் நிரப்ப நேரவில்லை. காஸ் குறைந்ததெனில் கசிவு உளது என்பதே பொருள். கசிவை அடையாது நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். பணம் மட்டுமன்று, உலகமும் இதனால் கேடுறும். பழைய யந்திரங்களில் உள்ள ஆர்-22 என்னும் வாயு, வானின் ஓசோன் படலத்தை அரிப்பது. 1987 ஆம் ஆண்டு மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி உலக நாடுகள் இத்தகைய வாயுக்களைப் படிப்படியாக விலக்கி வருகின்றன. மேலும், ஒரு கிலோ ஆர்-22 காற்றிற் கலந்தால், ஏறத்தாழ 1800 கிலோ கரியமில வாயு செய்யும் சூட்டினைப் பூமிக்குச் செய்யும். புதியவற்றில் உள்ள ஆர்-32 அதனிலும் தீமை குறைந்தது. ஆர்-290 மிகக் குறைந்தது. எனினும் இவை தீப்பற்றுந் தன்மையுடையன. ஆதலின் பயிற்சி பெறாதார் இவற்றிற் கைவைத்தல் கூடாது.

இனி இல்லத்தார் தாமே செய்யத்தக்க பேணுதல் முறைகளைக் கூறுவோம். முதலாவது, உட்பெட்டியின் முகப்பில் உள்ள வடிகட்டி வலை. கோடையில் இரு வாரத்திற்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, அதனைக் கழற்றி நீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுதல் வேண்டும். தூசி அடைத்த வலை, மூக்கடைத்தவன் மலையேறுவதைப் போல யந்திரத்தை இளைக்கச் செய்யும். உட்சுருளின்மீது பனி உறைதலும் பெரும்பாலும் இதனாலேயாம். இரண்டாவது, நீர் வடியும் குழாய். அறையினுள் நீர் சொட்டினால் அக்குழாய் அடைபட்டது என்று அறிக. மூன்றாவது, வெளிப்பெட்டி. அதனைச் சுற்றிக் காற்றோட்டம் வேண்டும். வெயில் நேரே படாதபடி மேலே நிழல் அமைக்கலாம். ஆனால் துணியாலோ பலகையாலோ மூடி மூச்சுத்திணறச் செய்தல் ஆகாது. நான்காவது, கோடை தொடங்குமுன் ஆண்டுக்கொருமுறை அறிந்தவரைக் கொண்டு இரு சுருள்களையும் கழுவிக் கசிவு உளதா என்று பார்த்தல்.

ஓட்டும் முறையிலும் சிக்கனம் உண்டு. வெளியிலிருந்து வந்தவுடன் 18 பாகைக்குத் திருப்பினால் விரைவிற் குளிரும் என்று எண்ணுவோர் பலர். சாதாரண யந்திரம் எப்பாகையில் வைத்தாலும் ஒரே வேகத்திற்றான் குளிர்விக்கும்; 18 என்று வைத்தால் வேண்டாத குளிர் வரும்வரை நில்லாது ஓடும், அவ்வளவே. ஒரு பாகை உயர்த்தி வைத்தால் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் கணக்கிட்டுள்ளது. 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியுடைய அறைக்குளிரூட்டிகள் யாவும் 24 பாகையில் தொடங்குமாறு விதியும் செய்யப்பெற்றது. 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் மெல்லச் சுழலவிடின், உடலுக்கு 24 பாகையின் இன்பமே தோன்றும், செலவோ குறையும்.

ஆயினும், யந்திரத்தைப் பேணுமுன் வீட்டைப் பேணுதல் அறிவுடைமை. இங்கே கொடைக்கானல் வீடுகள் நமக்கு ஒரு பாடம் புகட்டுகின்றன. அங்குக் குளிர் மிகுதியாதலின், வெயிலை உள்ளே வரவேற்கும் பொருட்டுப் பெரிய கண்ணாடிச் சன்னல்களும் கண்ணாடித் தாழ்வாரங்களும் வைத்தனர். வெயிலின் ஒளி கண்ணாடியின் வழியே புகும். உள்ளே காய்ந்த பொருள்களின் வெப்பமோ எளிதில் வெளியேறாது. மலைக்கு இது பொருத்தமே. ஆனால் அவ்வீடுகளின் அழகில் மயங்கி, மதுரையிலும் திண்டுக்கல்லிலும் மேற்கு நோக்கிக் கண்ணாடிச் சுவர் எழுப்புவோர், தம் கையாலேயே அடுப்பைக் கட்டி, பின்னர் அதனைக் குளிர்விக்க யந்திரம் வாங்குகின்றனர்.

சமவெளி வீட்டிற்கு வேண்டுவன வேறு. மொட்டைமாடியில் தட்டோடு பதித்தல், அல்லது ஆண்டுதோறும் கோடைக்கு முன் சுண்ணாம்பு அடித்து வெண்மையாக்குதல் முதற்கடமை. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். திரையைச் சன்னலுக்கு உள்ளே இடுவதினும், வெளியே கீற்றுத் தட்டியோ மூங்கில் தட்டியோ கட்டுவது பன்மடங்கு நன்று. வெயில் உள்ளே புகுந்தபின் தடுப்பதாற் பயன் சிறிதே. மேற்குப் புறத்தில் வேம்பும் புங்கும் வைத்து வளர்த்தல் வேண்டும். இரவிலும் விடியலிலும் சன்னல்களைத் திறந்து தண்காற்றை விட்டு, காலை வெயில் ஏறுமுன் அடைத்துவிட வேண்டும். மதுரையைப் போன்ற வறண்ட ஊர்களில் வெட்டிவேர்த் தட்டி நன்கு பயன்படும். சென்னை போன்ற கடற்கரையூர்களில் காற்றில் ஈரம் மிகுதியாதலின் அவ்வளவு பயன் தாராது. இவை செய்த வீட்டில் ஒன்றரை டன் வேண்டிய இடத்தில் ஒரு டன் போதியதாகலாம். சில இரவுகளில் அதுவும் வேண்டாதொழியும்.

இறுதியாக ஒன்று. எம் வீட்டு வெளிப்பெட்டியை முதலில் பக்கத்துச் சந்தினை நோக்கி மாட்டியிருந்தோம். எதிரே ஓட்டு வீட்டில் வாழும் முதிய அம்மாச்சி ஒருநாள், சினமின்றியே, 'தம்பி, உங்கள் வீட்டுக் குளிர் எங்கள் சன்னலில் அனலாய் வருகிறதே' என்றார். கணக்கிட்டுப் பார்த்தோம். ஒன்றரை டன் யந்திரம் முழுவேகத்தில் அறையிலிருந்து எடுக்கும் 5 கிலோவாட்டிற்கு மேற்பட்ட வெப்பத்தோடு, தான் உண்ணும் ஒன்றரைக் கிலோவாட் அளவான மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. ஆறு மின்சார இஸ்திரிப் பெட்டிகளை இடைவிடாது சூடேற்றி அம்மூதாட்டியின் சன்னலில் வைத்தாற்போன்ற செயலை யாம் அறியாது செய்து வந்தோம். மறுவாரமே பெட்டியை மாடிக்கு மாற்றினோம். குழாய் நீளத்திற்குச் செலவு சிறிது ஆயிற்று. அன்று டோலி சுமந்தோரின் நினைவு எமக்கு வந்தது.

மாணவ நண்பர்காள்! உங்களிற் பலர் நாளை வீடு கட்டுவீர். சிலர் பிறருக்கு வீடு வரைந்து கொடுப்பீர். வீட்டினின்றும் வெளியேற்றும் வெப்பம் மறைந்தொழிவதில்லை. அஃது யாரேனும் ஒருவர் வாசலிற் சென்று சேரும். ஆதலின், வெளியேற்ற வேண்டிய வெப்பத்தை முதலிற் குறைத்துக்கொள்க. எஞ்சியதை ஒருவர்க்கும் ஊறின்றி விடுக்க. வலையைக் கழுவுதலும், 26 பாகையில் வைத்தலும், மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தலும் சிறிய செயல்களே. இவற்றை வரும் பங்குனியிலேயே தொடங்குவோர், தம் மின்சாரக் கட்டணச் சீட்டினையும், அண்டை வீட்டார் முகத்தையும் கண்டு மகிழ்வர்.