வண்டிப்பாதை அடைபட்டால் தொழு உரம் எப்படிப் போகும்?

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. தலையில் வைத்துக்கொண்டு ஒற்றை வரப்பில் நடந்துபோய் வீசிவிட்டு வந்துவிடலாம். தொழு உரம் அப்படி இல்லீங்க. எக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன் போடச் சொல்கிறார்கள். மாட்டு வண்டியில் முக்கால் டன் ஏற்றினாலும் ஏழு நடை போகணும். இயற்கை விவசாயத்துக்கு மாறப்போகிறேன் என்று வருகிறவர்கள் பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்க வயலுக்கு வண்டி போகுமா?"

போகாது என்றால் அந்த வயலில் ரசாயனம்தான் சுலபம். கிடை போட ஆடு வராது. அறுவடை இயந்திரம் பக்கத்து வயல் பயிரை மிதித்துத்தான் வரும், அதனால் பக்கத்துக்காரர் அறுக்கிற வரைக்கும் நம் நெல் கொட்டிக்கொண்டு நிற்கும். பாதை அடைபட்டது ரெவின்யூ சமாச்சாரம், மண் வேறு சமாச்சாரம் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

பாதை ஒரே நாளில் அடைபடுவது அபூர்வம். கடைசி வயல்காரர் ரெண்டு மூணு வருஷம் தரிசாகப் போடுவார். வண்டி ஓடாத பாதையில் சீமைக்கருவேலம் ஏறும். பக்கத்தில் உழுகிறவர் வருஷத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுவார். பிறகு நிலம் கைமாறும். வாங்கினவர் கல் ஊன்றிக் கம்பி வேலி போடுவார். கேட்டால், "இங்க பாதையே இல்லியே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் வந்தபோது கண்ணுக்குத் தெரிகிற பாதை இல்லை.

ஆனால் காகிதத்தில் இருக்கும். இதை ஊராட்சிக்குப் போவதற்கு முன்னாலேயே பார்த்துவிடணும். முதலில் புலப்படம், எஃப்.எம்.பி. என்போமே, அது. தமிழக அரசின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ரெட்டைப் புள்ளிக்கோடு போனால் வண்டிப்பாதை, ஒற்றைப் புள்ளிக்கோடு என்றால் நடைபாதை. அடுத்தது 'அ' பதிவேடு. பாதைக்குத் தனி சர்வே எண்ணோ உட்பிரிவோ இருந்து, எதிரில் "வண்டிப்பாதை" என்று புறம்போக்காகக் காட்டியிருந்தால் அது பொதுப்பாதை. பழைய படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும். நூறு லிங்க் 66 அடி. 20 லிங்க் என்று போட்டிருந்தால் 13 அடிக்குக் கொஞ்சம் மேலே. டிராக்டர் டிரெய்லர் தாராளமாகப் போகிற அகலம்.

இப்போதைய படத்தில் காணோமா? விட்டுவிடாதீர்கள். 1979-ல் தொடங்கி எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர். நிலவரித் திட்டத்தில் பிழைகள் நிறைய உண்டு. அதற்கு முந்தைய புலப்படத்தையும் செட்டில்மெண்ட் பதிவேட்டையும் தாலுகா அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தரணும். பழையதில் இருந்து புதியதில் விடுபட்டிருந்தால், திருத்தம் கேட்டு மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனுப் போடலாம்.

இப்போது ஊராட்சிக்கு வருவோம். 'ஊராட்சி பாதையைத் திறக்குமா திறக்காதா' என்று கேட்பதே பாதி தப்பு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன் 125-ம் பிரிவு ஊர்ப் பொதுச்சாலைகளை ஊராட்சியிடம் ஒப்படைக்கிறது. 131-ம் பிரிவு அதில் சுவரோ வேலியோ போடக்கூடாது என்கிறது. அதாவது ஊராட்சி காவல்காரர், உடைமைக்காரர் இல்லை. பொதுப்பாதை என்று பதிவில் இருந்தால், இருக்கணுமா வேண்டாமா என்று ஓட்டெடுக்க அங்கே எதுவுமில்லை. எப்படித் திறப்பது, எந்த அகலம், யார் செலவு என்பதைத்தான் ஊர் தீர்மானிக்கணும். வேலிக்காரர் பிடிவாதம் பிடித்தால் 1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றும் அதிகாரம் வருவாய்த் துறைக்கு இருக்கிறது. பொதுவழித் தடையை நீக்க உத்தரவு போடும்படி கோட்டாட்சியரிடமும் போகலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 152-ம் பிரிவு.

"இருபது வருஷமா எங்க கையிலதான் இருக்கு" என்பார்கள். பஞ்சாப் மாநிலம் பாட்டியாலா மாவட்டத்தில் ஊர்க்குளத்தை வளைத்துக் கட்டிய ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. நெடுநாள் அனுபவித்ததோ, செலவழித்துக் கட்டினதோ, அரசியல் செல்வாக்கோ ஊர்ப்பொது நிலத்தை வைத்துக்கொள்ளக் காரணம் ஆகாது.

பட்டா நிலத்துக்குள் போகிற பாதை வேற கதை. அங்கே ஊராட்சித் தீர்மானம் செல்லாது. 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம்தான் பேசும். யாரிடமும் அனுமதி கேட்காமல், வெளிப்படையாக, தடையில்லாமல் 20 வருஷம் போய்வந்திருந்தால் வழி உரிமை உண்டு. ஒரே நிலமாக இருந்து பாகம் பிரிந்ததாலோ விற்றதாலோ உங்கள் துண்டுக்கு வேறு வழியே இல்லை என்றாலும் உண்டு. சுற்றுவழி இருக்கிறது, இது கிட்ட என்பது மட்டும் போதாது. ஒன்றை மறக்கவே கூடாது: 20 வருஷக் கணக்கை வைத்து வழக்குப் போடுவதானால், தடை வந்த 2 வருஷத்துக்குள் போட்டாகணும். "பேசித் தீத்துக்கலாம் மாமா" என்று திருவிழாவுக்குத் திருவிழா தள்ளிக்கொண்டே போகிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறபோதே பாதையை அளவோடு பத்திரத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது.

எல்லா அடைப்பும் கருவேல முள்ளால் வருவதில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 மோதலுக்குப் பிறகு எழுந்த சுமார் 600 மீட்டர் சுவர், தலித் மக்களின் வழியை அடைத்து நின்றது. 2008 மே 6 அன்றுதான் மாவட்ட நிர்வாகம் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டது. உள்ளூர்ப் பெரும்பான்மையிடம் விட்டிருந்தால் அந்தச் சுவர் இன்றைக்கும் நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன். காலனிப் பக்கத்து வயலுக்குப் போகிற பாதை உங்கள் ஊரில் அடைபட்டிருந்தால், கூட்டத்தில் எத்தனை கை தூக்கினார்கள் என்று பார்க்காதீர்கள். நேரே பதிவேட்டைக் காட்டுங்கள்.

இன்னொரு எதிர்ப்பு வரும், அதில் நியாயம் இருக்கிறது. "பாதையைத் திறந்தா பிளாட்டுக்காரன் வந்துடுவான்." நான் இருக்கும் கள்ளிக்குப்பத்தைச் சுற்றி இதைக் கண்ணால் பார்க்கலாம். அம்பத்தூர்-செங்குன்றம் சாலையிலிருந்து பிரிகிற எந்தத் தெருவுக்குள் போனாலும் வீடுதான். அணுகு சாலை இல்லாமல் மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்க முடியாது, அதனால் மனை போடுகிறவருக்கு வண்டிப்பாதை தங்கம். நம்மோடு சேர்ந்து அவரும் "திறங்க" என்பார். அவர் கேட்பது 30 அடி தார்ச்சாலை, நமக்கு வேண்டியது 12 அடி மண்பாதை. தீர்மானத்தில் வெறுமனே "சாலை அமைக்க" என்று எழுத விட்டுவிடாதீர்கள். "புல எண் இத்தனையில் உள்ள வண்டிப்பாதையைப் புலப்பட அளவுப்படி அளந்து, ஆக்கிரமிப்பு நீக்கி, விவசாயப் பயன்பாட்டுக்கு மண்பாதையாகத் திறக்க" என்று எழுதச் சொல்லுங்கள். பாதையை வேறு வகைப்பாட்டுக்கு மாற்றவோ மனைப்பிரிவுக்காக அகலப்படுத்தவோ கிராம சபைக்கு ஒப்புதல் இல்லை என்று இரண்டாவது வரியும் சேரட்டும். பயந்துகொண்டு பாதையை மூடியே வைத்தால் பிளாட் வராது என்பது நடக்காத காரியம். வழியில்லாத நிலத்தைத்தான் அடிமாட்டு விலைக்கு முதலில் கேட்பார்கள்.

2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்குப் போனதே என்று சிலர் சோர்ந்துபோனார்கள். தலைவர் போனாலும் கிராம சபை கலைவதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர் வரணும். ஆள் குறைந்தால் தீர்மானம் நிற்காது, ஆகவே அக்கம்பக்கத்து வயல்காரர்களை வீடுவீடாகப் போய்க் கூப்பிடுங்கள். மனுவைக் கூட்டத்துக்கு முன்பே கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அந்த வழி இல்லை. அம்பத்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. கள்ளிக்குப்பத்தில் வண்டிப்பாதை பற்றிப் பேச ஊர்க்கூட்டம் கிடையாது, உழுகிறவர்களும் மிச்சமில்லை. பூந்தமல்லி, ஆவடிக்கு மேற்கே இன்னும் ஊராட்சியாக இருக்கிறவர்கள் மாநகர எல்லை வந்து சேர்வதற்குள் பாதைகளை அளந்து கல் நட்டுவிடுவது நல்லது.

அளக்கக் கட்டணம் கட்டி சர்வேயரைக் கூப்பிடணும். கல் நடும்போது ரெண்டு பக்கத்துக்காரரையும் நிற்கவைத்துப் படம் எடுங்கள். பாதையின் இரு ஓரத்திலும் கல்லை ஒட்டிப் பனங்கொட்டை போடுங்கள், கல் பெயர்ந்தாலும் பனை எல்லை சொல்லும். அந்த வாரமே முதல் வண்டி எருவை ஓட்டிவிடுங்கள்.