வாய்ச்சொல்லும் ஒரு முதல்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பிற்பகலில், உக்குவளையில் எமது வீட்டு விறாந்தையில் அமர்ந்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, இன்று இரு குழந்தைகளுக்குத் தாய், கையில் ஒரு பையுடன் வந்து நின்றாள்.

"சேர், எனக்குச் சிங்களத்தில் ஒரு சிறு பேச்சு எழுதித் தரவேண்டும்" என்றாள்.

ஏதோ மேடைப் பேச்சு என்று எண்ணினேன். அதுவன்று. பையினுள்ளே கறித்தூள் பொதிகள் இருந்தன. வீட்டிலேயே வறுத்து, இடித்து, பொதி செய்து மாத்தளைப் பட்டினத்துக் கடையொன்றுக்குக் கொண்டு போயிருக்கிறாள். கடைக்காரர் பொதியை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்து, "ஏற்கெனவே பத்து வகைத் தூள் இங்கே இருக்கிறது, இதிலே என்ன விசேஷம்?" என்று கேட்டாராம். இவளுக்கு நா வறண்டுவிட்டது. "நல்ல தூள்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். பிறகு விலையை அவரே சொன்னார். அது இவள் செலவழித்த பணத்துக்கும் குறைவு. திருப்பிக்கொண்டு வர வெட்கப்பட்டுப் பாதிப் பொதிகளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

குறை தன் பேச்சில்தான் என்பது அவள் முடிவு. பேச்சை மனனம் செய்துகொண்டு, தாலிக்கொடியை அடகு வைத்துப் பெரிய அரைக்கும் இயந்திரம் ஒன்று வாங்குவது அடுத்த திட்டம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின், கணவனின் வருமானம் ஒன்றை மட்டும் நம்பியிருத்தல் இயலாது என்று உணர்ந்த குடும்பங்களில் இவளுடையதும் ஒன்று. அந்த அக்கறை பாராட்டுக்குரியது. அடகுக் கடைதான் என்னை அச்சுறுத்தியது.

"பேச்சை எழுதித் தரலாம், பிள்ளை. அதற்குள்ளே வைக்கவேண்டிய விடயம் உன்னிடம் அல்லவா இருக்கவேண்டும்?" என்று சொல்லிச் சில கேள்விகளைக் கேட்டேன். மிளகாயும் மல்லியும் எங்கே வாங்குகிறாய்? கடையிலே, சில்லறை விலைக்கு. இதையே வேறு யார் செய்யலாம்? இயந்திரம் உள்ள எவரும். அப்படியானால் உன்னிடம் ஏன் வாங்கவேண்டும்? அவள் தலை குனிந்தாள்.

வகுப்பறையிலே நான் கண்ட மௌனங்கள் இரு வகையின. விடை தெரிந்தும் சொல்லத் தெரியாதவனின் மௌனம் ஒன்று. சொல்வதற்கே ஒன்றும் இல்லாதவனின் மௌனம் மற்றொன்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முன்னதற்குப் பயிற்சி மருந்து. பின்னதற்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் பயனில்லை, பொருளையே மாற்றவேண்டும். எந்தத் தொழிலை வீட்டிலே தொடங்குவது என்று தடுமாறும் தாய்மார், பணத்தை இறக்குமுன் அப்பொருளைப் பற்றி அந்நியர் ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசிப் பார்ப்பது நன்று. நா எழவில்லையெனின், குறை நாவில் இருக்கிறதா, தொழிலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

இந்த வேளையில் தேநீருடன் வந்த என் மனைவி, தற்செயலாக, "உங்கள் வீட்டு மிளகுக்கொடி எப்படி? எங்களுடையது இலை பழுத்து உதிர்கிறது" என்று கேட்டாள். அவ்வளவுதான். நா வறண்டதென்று சொன்ன பெண் கால்மணி நேரம் ஓயாமல் பேசினாள். சரத்திலே ஓரிரு மணிகள் மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறும் நேரத்தில் பறிக்கவேண்டும். முந்திப் பறித்தால் மணி சுருங்கிப் பாரமற்றுப் போகும். கொதிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்துக் காயவிட்டால் ஒரே சீராகக் கறுக்கும். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் கிடைக்கும். உலர்ந்த மிளகை நீரில் போட்டால் பதர் மிதக்கும், பாரமான மணி அமிழும். நன்றாகப் பழுத்ததை ஒரு வாரத்துக்கு மேல் நீரில் ஊறவைத்துத் தோலை உரித்து உலர்த்தினால் வெள்ளை மிளகு. இவையெல்லாம் மாமியாரிடம் கற்றவையாம். வீட்டின் பின்புறத்திலே ஒன்பது கொடிகள் நிற்கின்றன. மிளகைக் காயவைத்து, தரம் பிரிக்காமல், வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரியிடம் சாக்கோடு கொடுத்துவிடுவது வழக்கமாம்.

"உன் பேச்சு இதுதான். நான் எழுத என்ன இருக்கிறது?" என்றேன்.

சரக்கைக் கண்டவுடன் யாரும் புரிந்துகொள்வார்கள் என்று எண்ணுவது தவறு. நமது மாத்தளை மாவட்டத்து ஹபுவித கிராமத்தின் அரக்கு வேலை இதற்குச் சான்று. அங்குள்ள பரம்பரைக் கைவினைஞர் அரக்கைச் சூட்டிலே இளக்கி, நிறமூட்டி, நூலாக இழுத்து, மரப்பிடியிலும் கைத்தடியிலும் பெருவிரல் நகத்தாலேயே பதித்துக் கோலமிடுவர். தூரிகை தொடுவதில்லை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இலங்கையின் அரக்கு வேலையும் விரிவாக இடம்பெற்றிருக்கிறது. ஆயினும் ஒன்றும் அறியாதவர் கையில் அக்கைத்தடியைக் கொடுத்துப் பாருங்கள். சாயம் பூசிய தடி என்றே நினைத்து விலை பேசுவார். 'இது நகத்தால் செய்தது' என்று ஒருவர் சொல்லி, அரக்கு நூல் ஒன்றை அவர் கண்முன்னே இழுத்தும் காட்டினால் பேரத்தின் தொனியே மாறிவிடும்.

சாமர்த்தியமாகப் பேசினால் எதையும் விற்கலாம் என்று சொல்வோரும் உளர். நான் அதை ஒப்புவதில்லை. பம்பாயில் 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆந் திகதி ஏழு பெண்கள் எண்பது ரூபா கடன் வாங்கி, மாடியொன்றில் அப்பளம் இட்டனர். லிஜ்ஜத் பாப்பட் என்று இன்று பெயர் பெற்றிருப்பது அதுவே. முதல் நாள் விற்றவை நான்கே பொதிகள். தரங்குறைந்த மலிவு அப்பளமும் ஒன்று செய்து பார்த்தனர்; ஒரே தரந்தான் இருக்கவேண்டும் என்ற அறிவுரையை ஏற்று அதைக் கைவிட்டனர். அவர்களை முதலாண்டில் மிகவும் வருத்தியது மழை. வெயிலின்றி அப்பளம் காயாமையால் நான்கு மாதம் வேலை நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலையும் அடுப்பையும் வாங்கி, கட்டிலின் மேலே அப்பளத்தைப் பரப்பிக் கீழே அடுப்பை மூட்டினர்! எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். அப்பளமோ வடகமோ தொடங்க எண்ணும் உக்குவளைப் பெண் முதலில் வானத்தைத்தான் கேட்கவேண்டும். மிளகுக்கும் அதே கவலை உண்டு. நெருப்புச் சூட்டில் உலர்த்துவதாயின் புகை மணம் ஏறாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இனி, பேசும் முறை. மறு ஞாயிறும் அவளை வரச் செய்தேன். முதலில் கறுப்பு, வெள்ளை மிளகுகளை இரு சிறு கிண்ணங்களில் கொண்டுவரச் சொன்னேன். கை வெறுமையாக இருந்தால் பேச்சும் தடுமாறும். கடைக்காரராக நான் அமர்ந்தேன். முதல் தடவை தரையைப் பார்த்துப் பேசினாள். இரண்டாம் தடவை என்னைப் பார்த்தாள். ஆனால் விலை சொல்லும் இடத்தில் குரல் தாழ்ந்தது. இந்தக் குறை பெண்களிடம் மட்டுமன்று, சம்பள உயர்வு கேட்கும் ஆசிரியரிடமும் உண்டு. விலையை மட்டும் பத்து முறை சொல்லவைத்தேன். அருகில் இருந்த அவள் மகள் சிரித்து உருண்டாள்.

விலையை உரத்துச் சொல்லவேண்டுமாயின் கணக்குத் தெரிந்திருக்கவேண்டும். மிளகின் இன்றைய சந்தை விலை, பொதியுறை, விறகு, பஸ் கட்டணம் ஆகியவற்றை எழுதினாள். பறிப்பதற்கும் துப்புரவு செய்வதற்கும் செலவாகும் நேரத்தை எழுதவில்லை. 'அது சும்மா செய்வதுதானே' என்றாள். கொடி வீட்டுடையது என்பதால் மிளகையும் இலவசமாகவே கணக்கிடுவோர் உண்டு. அது பெரும் பிழை. சாக்கோடு விற்றாலும் கிடைக்கும் விலையை முதலில் கழித்து, மிஞ்சுவதைத்தான் தொழிலின் ஊதியம் எனக் கொள்ளவேண்டும்.

சிங்களத்தைப் பற்றிய அச்சத்தையும் சொல்லவேண்டும். இலக்கணப் பிழையின்றிப் பேசவேண்டும் என்று அவள் அஞ்சினாள். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் கூடும் எமது பகுதியில் யாரும் இலக்கணம் பார்த்து மிளகு வாங்குவதில்லை. சந்தையில் பேசும் அதே சிங்களத்தைப் பேசு என்றேன். தெரியாததைக் கேட்டால், 'மாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லவும் பழக்கினேன். மருந்துக் குணங்களை அடுக்கவேண்டாம் என்று தடுத்தேன். மிளகு தின்றால் எல்லா நோயும் போகும் என்று தொடங்குபவரை நான் கடைவாசலிலேயே நம்புவதில்லை.

உணவுப் பொருளாதலால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் உண்டு. பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே கண்டு, சிட்டையில் எவை எழுதப்படவேண்டும் என்று கேட்டறிவது நல்லது. பயிர் பற்றிய ஐயங்களுக்கு மாத்தளையில் உள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே போய்க் கேள்வி கேட்பதும் பேச்சுப் பயிற்சிதானே!

இரு வாரங்களின் பின் அவள் வேறொரு கடைக்குப் போனாள். கிண்ணத்தில் நீர் கேட்டு வாங்கி, மிளகைப் போட்டுக் காட்டினாளாம், அனைத்தும் அமிழ்ந்தன. கடைக்காரர் தம் சாக்கிலிருந்தும் ஒரு பிடி எடுத்துப் போட்டுப் பார்த்தாராம். வெள்ளை மிளகு வேண்டாம் என்றார். கறுப்பிலே பத்துப் பொதிகளை வைத்துவிட்டுப் போகச் சொன்னார், விற்றபின் பணம். நல்ல தொடக்கம் என்று நான் சொன்னேன். அவளுக்கு அவ்வளவு திருப்தியில்லை. தாலிக்கொடி கழுத்திலேயே இருக்கிறது. இயந்திரப் பேச்சு இப்போது இல்லை. நேற்று மாலை மகளை அனுப்பியிருந்தாள்: சாதிக்காயைப் பற்றிப் பேசிப் பார்க்கவேண்டுமாம், அடுத்த ஞாயிறு சேர் வீட்டில் இருப்பாரா என்று கேட்டு.