ஊட்டி அறையின் கணக்கு யாரிடம்?

மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்க ஊட்டிக்குக் கிளம்புகிறவர், குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஹோம்ஸ்டேயைச் செல்பேசியிலேயே பதிவு செய்துவிடுகிறார். அறை நீலகிரியில் இருக்கிறது. கமிஷன் வாங்கும் தளமோ பல நேரம் வெளிநாட்டில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த வணிகத்தில் அரசு எப்படி வரி வாங்கும் என்று மலைப்பு வருவது இயல்பு. உண்மையில் ரொக்க வணிகத்தைவிட மின்னணு வணிகமே அதிகத் தடயம் விடுகிறது. குன்னூர்த் தேயிலை ஏலம் மின்னணு முறைக்கு மாறிய பின், எந்தத் தொழிற்சாலையின் தூள் என்ன விலைக்கு யாரிடம் போனது என்பதெல்லாம் பதிவாகிறது. அறை வாடகையும் அப்படித்தான். அந்தப் பதிவு யார் கையில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிப் படிக்கும் திறன் அரசுக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

இதில் பாதிக்கு இந்தியா விடை கண்டுவிட்டது. 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவின்படி, ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாததால் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத வீட்டுக்காரர் செயலி வழியே அறை விட்டால், வரி கட்ட வேண்டியது அந்தத் தளம். இங்கே அலுவலகம் இல்லாவிட்டால் பிரதிநிதி ஒருவரை நியமித்துக் கட்ட வேண்டும். கோத்தகிரியிலும் கூடலூரிலும் அதிகாரிகள் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியதில்லை; சில தளங்களின் கணக்கைச் சரிபார்த்தால் போதும். ஆனால் இது விருந்தினர் தலையில் விழும் வரி. தளத்தின் லாபத்துக்கான வருமான வரி வேறு. நாடுகளுக்கிடையிலான வரி ஒப்பந்தங்களின்படி, வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கே நிலையான தொழிலிடம் இருந்தால்தான் பொதுவாக அதன் வணிக லாபத்தில் இந்தியா பங்கு கேட்கலாம். இந்த ஓட்டையை அடைக்க, வெளிநாட்டு நிறுவனங்களின் இணைய விளம்பர வரவுக்கு 2016 ஜூனில் 6 விழுக்காடும், மின்வணிக வரவுக்கு 2020 ஏப்ரலில் 2 விழுக்காடும் சமன்படுத்தும் வரி விதிக்கப்பட்டது. தன் நிறுவனங்களிடம் பாகுபாடு காட்டுவதாக 2021இல் குற்றம்சாட்டிய அமெரிக்கா, 25 விழுக்காடு சுங்கவரியை அறிவித்து நிறுத்திவைத்தது. 2 விழுக்காடு வரி 2024 ஆகஸ்டிலும், 6 விழுக்காடு வரி 2025 ஏப்ரலிலும் விலக்கப்பட்டன.

அந்த வரி போனதே நல்லது என்பவர்கள் உண்டு. லாபம் பாராமல் வரவின் மீது விதித்ததால், அதை அப்படியே விலையில் ஏற்றிவிடலாம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வரவைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணமே, லாபத்தைக் கண்டறிவது கடினம் என்பதுதான். எந்த நாட்டுக் கிளையில் எவ்வளவு லாபம் காட்டப்பட்டது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த அதிகாரிகள் இருந்தால்தான் நியாயமான வரிக்கு மாற முடியும். வல்லரசு மிரட்டினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, தனித்து நிற்காதே என்பதே விடை. உலக வரி ஒத்துழைப்பு உடன்படிக்கையை உருவாக்கும் பேச்சுக்கு 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை வழிசெய்தது, எல்லை தாண்டிய மின்னணுச் சேவைகளின் வருமானமும் அதில் பேசப்படுகிறது. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா வெளியேறிய பின்னும் பேச்சு தொடர்ந்தது.

உடன்படிக்கை கையெழுத்தானாலும் கணக்கைப் படிக்க ஆள் வேண்டும். எல்லைகளற்ற வரி ஆய்வாளர்கள் என்ற சர்வதேசத் திட்டத்தின் கீழ் 2021இல் பூட்டானுக்குக் கைகொடுத்த இந்தியா, அதே அக்கறையோடு தன் அதிகாரிகளையும் தரவு ஆய்விலும் தணிக்கையிலும் பயிற்ற வேண்டும். நீலகிரிக்குள் நுழையும் வண்டிகளை 2024 மே முதல் இ-பாஸ் வைத்து எண்ணுகிறோம். அந்தக் கூட்டத்தால் தேயும் சாலையும் சேரும் குப்பையும் இந்த மலையில்தான் கிடக்கின்றன. அந்தக் கூட்டத்தால் வந்த லாபத்தின் கணக்கும் இந்த நாட்டில் திறந்து காட்டப்பட வேண்டும்.